சிவப்புத் தடி

நெல்லு மூட்டையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கினது
என் பிழை.
யானைக்குச் சுவர் தெரியாது,
மணம் தெரியும்.
ஆவணியில் ஒரு சாமம்
வீட்டுத்திட்டத்துக் கல்லறுத்துக் கட்டின மேற்குச் சுவர்
என் கால்மாட்டில் வந்து படுத்தது.

அதற்குப் பிறகு
நெல்லு சங்கக் களஞ்சியத்தில்.
உப்பு மூடிபோட்ட வாளியில்.
இரவில் கக்கூசுக்குப் போகமுன்
டோர்ச் அடித்து, ஒருக்கால் இருமி,
இருட்டு பதில் சொல்லுதோ என்று பார்த்து நிற்பேன்.
வேலியோரம் தேசிக்கன்று வைத்தேன்.
வாழை மட்டும் கூடாது என்றுதான் இருந்தேன்,
நிருசாவுக்குக் கதலி விருப்பம்,
நாலு குட்டி நட்டேன்.

தவகுலத்துக்கு இரண்டு ஏக்கர் கச்சான்.
பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போனது,
டிராக்டர்காரன்கூட அவ்வளவு ஒழுங்காய் உழமாட்டான்.
வங்கிக் கடிதத்தை என்னிடம்தான் வாசிக்கத் தந்தான்.
அவன் கோபத்தில் பிழை சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

மாடு தேடிப் போன பின்னேரம்
வாய்க்கால் கட்டில் கிடந்தது பூசணிக்காய்.
ஒருவரும் பூசணி போடாத இடம்.
மேலே வட்டமாய் வெட்டித்
திரும்பவும் வைத்த மூடி.
வெட்டுவாய் காய்ந்து
எறும்பு ஒரு வரிசை.

முழங்கால் தானாய் மடிந்தது.
முகமாலையில் பதினொரு வருசம்
கண்ணாடி மறைப்புக்குப் பின்னால் குந்தியிருந்து
மண்ணைச் சுரண்டின முழங்கால்.
கொம்பனி போய்விட்டது. முழங்கால் போகவில்லை.
நீ வைக்காததை நீ எடுக்காதே,
முதல் நாள் படிப்பித்தது அது.
வந்த அடியிலேயே அடி வைத்துப் பின்னால் வந்தேன்.
வீட்டில் பயற்றங்கொடிக்கு ஊன்றியிருந்த
சிவப்பு முனைத் தடி நாலையும் பிடுங்கினேன்.
கொடி சரிந்து கிடந்தது, பரவாயில்லை.

பொலிசுக்கு அடித்தேன். "விடிய வாறம்."
தவகுலத்துக்கு அடித்தேன். மூன்றாம் தரம் எடுத்தான்.
"அது பன்றிக்கு, அக்கா."
"பன்றிக்கெண்டு அதில எழுதி வைச்சனியோ?"
வெட்டிவிட்டான்.

தள்ளி நாலு பக்கமும் தடி ஊன்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது:
சிவப்பு மனிசருக்குப் படிப்பித்த நிறம்.
வரப்போகிறவைக்கு
நானும் எழுதி வைக்கவில்லை.

அதனால் இருந்தேன்.
ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், ஒரு தடி,
பாலைக் கட்டை எரிகிற நெருப்பு.
நுளம்பு காதுக்குள் புகுந்து கணக்குப் பார்த்தது.
பத்து மணிக்குமேல்
குளத்துப் பக்கம் கிளை முறிகிற சத்தம்,
பிறகு வயிற்றுக்குள் இடி உருளுகிற மாதிரி
அதுகளின் கதை.
மூன்று பெரியது. கால்களுக்கிடையில்
இன்னும் தும்பிக்கையைப் பாவிக்கத் தெரியாத ஒன்று,
கண்டதையெல்லாம் தொட்டுப் பார்க்கிற வயது.

தகரத்தில் அடித்தேன்.
தாய் காதை விரித்து நின்றது.
பின்னும் அடித்தேன். கை வலித்தது.
குட்டி பூசணியின் பக்கம்தான் திரும்பியது.

அப்போது மறுகரையில்
டிராக்டர் லைற் பற்றியது.
தவகுலம் ஹோர்னை அமத்தினான், எடுக்கவேயில்லை,
ஊர் நாயெல்லாம் எழும்பும் மட்டும்.
தாய் குட்டியைப் பின்காலால் தள்ளி
அவசரமில்லாமல் திரும்பியது,
எங்களுக்காக அல்ல
தனக்கு அலுத்துப்போனதுபோல.

விடியும் வரை அவன் அந்தக் கரை, நான் இந்தக் கரை.
கதைக்கவில்லை.
ஆமிக்காரர் வந்து தூரநின்று வெடிக்கவைத்தார்கள்.
கொக்குகள் எழும்பித் திரும்ப இருந்தன.
தவகுலத்தை ஜீப்பில் ஏற்றமுன்
என்னைப் பார்த்துக் கேட்டான்:
"அப்ப கச்சானுக்கு என்னக்கா செய்யிறது?"
தெரியாது என்றேன்.
உண்மையாய்த் தெரியாது.

வீட்டுக்கு வந்தால்
நாலு கதலியும் இல்லை.
காவல் இல்லாத வளவுக்குள்ளால்
சுற்றிப் போயிருக்கின்றன.
தேசிக்கன்றில் ஓரிலைகூடக் கசங்கவில்லை.
தகரச் சுவரிலும் கீறல் இல்லை.
நிருசா நித்திரை.
ஈரமண்ணில் பெரிய பாதம்,
அதற்குள் ஒரு சின்னப் பாதம்.
தடி நாலையும் திரும்பப்
பயற்றங்கொடிக்கு ஊன்றினேன்.